புதுப்பிப்பு: குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்க ஆதாரம் வேண்டுமா?

பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் "உறுதிசெய்துகொண்டு அழையுங்கள்" என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறோம். உறுதிசெய்வது விசாரிப்பவர்களின் வேலை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பிரிவு 19-இன்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. மறைத்தால்தான் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ வரும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: பிள்ளையை உட்காரவைத்துத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் பதில் மாறும், பிள்ளையும் வாயடைத்துப்போகும். ஒருமுறை கேளுங்கள், சொன்ன சொல்லிலேயே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள். பிள்ளை வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரியிடம் கொடுக்கலாம். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை.

பிள்ளைக்கு வரும் கஷ்டம் எல்லாமே குற்றத்தால் வருவதும் அல்ல. அப்பா இறந்து படிப்பு நிற்கும் நிலையென்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு கேளுங்கள்: பிள்ளைக்கு மாதம் ரூ.4,000. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000 தாண்டக்கூடாது. வருமானச் சான்றுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். பிள்ளை பள்ளியை விட்டு நின்றபிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.