ஸ்வீடிஷ் மெதடிஸ்ட் சபை ஏட்டில் பிறந்த ஊர் இல்லையென்றால்?

கேள்வி: இல்லினாய் மாநிலம் விக்டோரியா கிராமத்து ஸ்வீடிஷ் மெதடிஸ்ட் சபையின் உறுப்பினர் பட்டியலில் பெயரும் சேர்ந்த தேதியும்தான் இருக்கின்றன. ஒருவர் ஸ்வீடனில் எந்தச் சேகரத்தில் (ஒரு தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட ஊர்ப்பகுதி) பிறந்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: ஸ்வீடிஷ் போதகர் யோனாஸ் ஹெட்ஸ்ட்ரோம் 1846இல் தொடங்கிய சபை அது. லூத்தரன் சபை ஏடுகளைப் போலப் பிறந்த தேதியும் சேகரமும் இதில் வரிசையாகக் கிடைக்காது. உறுப்பினர் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். முழு உறுப்பினராகும் முன் இருந்த ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் பட்டியல், ஞானஸ்நான, திருமண ஏடுகளையும் புரட்டுங்கள். தகுதிகாண் நிலையிலேயே விலகியவர்கள் முழு உறுப்பினர் பட்டியலில் வரமாட்டார்கள்.

பதில் 2: தொடக்ககால உறுப்பினர் பலர் இல்லினாயில் ஸ்வீடிஷ் மதக் குழு ஒன்று அமைத்த பிஷப் ஹில் குடியேற்றத்தைவிட்டு வந்தவர்கள். அந்தக் குழுவில் பலர் ஸ்வீடனின் ஹெல்சிங்லாந்து மாகாணத்தவர்; அதனால் அங்கே முதலில் தேடுங்கள். ஆண்டர்ஸ்டாட்டர் (ஆண்டர்ஸின் மகள்) என்ற பெண் இங்கே ஆண்டர்சன் ஆகியிருப்பாள். தந்தை பெயரை வைத்துத் தேடுவதே நல்லது. இல்லினாயின் ராக் ஐலண்டிலுள்ள, ஸ்வீடிஷ் குடியேற்ற ஆய்வுக்கான ஸ்வென்சன் மையத்தில் சபை ஏடுகளின் மைக்ரோஃபிலிம்கள் உண்டு. சேகரம் தெரிந்ததும் ஸ்வீடன் தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் மூல ஏட்டை இலவசமாகவே பார்க்கலாம்.