கிப் ரிவர் சாலை: சானி கணவாய் ஏறிய பழக்கம் போதுமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலைப் பள்ளி விடுமுறையில் நாங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கூடாரம் அடித்துத் தங்கிப் பயணம் செய்ய எண்ணியிருக்கிறோம். பெர்த்தில் இருக்கும் என் தங்கை குடும்பத்தாரும் சேர்ந்துகொள்வார்கள். டெர்பியில் புறப்பட்டு, கிப் ரிவர் சாலையின் ஏறத்தாழ 660 கிலோமீட்டரையும் ஓட்டி, குனுனுராவில் முடிக்க விருப்பம். கையில் இருப்பது 10 நாள். தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி கணவாயின் 2,876 மீட்டர் உச்சிக்கு நானே இரண்டு முறை வண்டி ஏற்றியிருக்கிறேன். அந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்குமா? மிட்செல் அருவியையும் சேர்த்துப் பார்த்துவிட முடியுமா? 68 வயதான அம்மாவும் வர ஆசைப்படுவதால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வணக்கம் தம்பி. சானியில் கற்ற கியர் பழக்கம் உதவும். ஆனால் அங்கே சோதனை ஏற்றத்தில் இல்லை, அதிர்வில் இருக்கிறது. 1960களில் பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றிச் செல்லப் போட்ட சாலை அது. மண் பகுதி முழுவதும் துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக இருக்கும். நான் டயர் காற்றை 28 பவுண்டுக்குக் குறைத்து, 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டியும், இரண்டாம் நாள் மாலை பெட்டியைத் திறந்தபோது மஞ்சள்தூள் டப்பாவின் திருகுமூடி தானாகவே கழன்று, அரிசி மூட்டையின் மேல் மஞ்சளும் செம்மண்ணும் ஒன்றாகப் படிந்திருந்தன. வண்டியின் திருகாணிகளும் அப்படித்தான் கழலும் என்பதால் ஒவ்வொரு மாலையும் ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். மாற்று டயர் ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

ஆறுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஓடையைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்ப்போம். கிப் சாலை கடக்கும் பென்டிகாஸ்ட் ஆற்றில் அதைச் செய்யவே கூடாது, அங்கே உப்புநீர் முதலைகள் இருக்கின்றன. கரையில் காத்திருந்து, முன்னே போகும் வண்டியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த கியரில் நிறுத்தாமல், ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஆற்றைக் கடக்கும்போது ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். நல்லவேளையாக ஒன்றும் நேரவில்லை.

மிட்செல் அருவியை இம்முறை விட்டுவிடுங்கள். கிப் சாலையிலிருந்து ஒருவழிக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் மோசமான பாதை, அதன்பின் 4 கிலோமீட்டருக்கு மேல் நடை. அந்த நாட்களைப் பெல் மலையிடுக்குக்கும் மானிங் மலையிடுக்குக்கும் கொடுங்கள். மானிங்கில் கயிற்றைப் பிடித்து இழுத்து, சிறு படகில் ஆற்றைக் கடந்த பிறகுதான் அருவிக்கு நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது மறக்காது. வின்ஜானா இடுக்கின் சுண்ணாம்புச் சுவர்கள் 35 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடித் திட்டாக இருந்தவை. அருகிலுள்ள டனல் க்ரீக் குகையில்தான் வெள்ளையரை எதிர்த்துப் போராடிய புனுபா இன வீரர் ஜண்டமாரா 1897-இல் கொல்லப்பட்டார். அதைப் பிள்ளைகளிடம் அங்கேயே நின்று சொல்லுங்கள்.

பதில் 2 (லெனேஷியா)

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பில்டாங் என்னும் உலர்ந்த இறைச்சியையும் பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துச் செல்லாதீர்கள். விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். மற்ற உணவுப்பொருள் அனைத்தையும் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். செருப்பிலும் கூடார ஆணியிலும் ஒட்டிய மண்ணைக்கூடக் கழுவிவிட வேண்டும். டீசலுக்கு, டெர்பியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் மவுண்ட் பார்னெட் எரிபொருள் நிலையம் இருக்கிறது; அங்கே நிரப்பாமல் தாண்டாதீர்கள்.

அம்மாவுக்கு, கிப் சாலையின் குனுனுரா முனைப் பக்கம் உள்ள எல் க்வெஸ்ட்ரோ பண்ணையின் ஸெபடி ஊற்று ஏற்றது. பனைமரங்களுக்கு நடுவே குறுகிய நடைதான், வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்திருக்கலாம். காலையில் மட்டுமே அனுமதி. வழியெங்கும் வயிறு பருத்த போஅப் மரங்களைப் பார்ப்பார். நம் லிம்போப்போவின் பேயோபாபுக்கு, ஊரில் பெருக்கமரம் என்பார்களே அதற்கு, நெருங்கிய உறவு.

கேள்வி கேட்டவர்

ஐயா, அம்மா, இருவருக்கும் மிக்க நன்றி. மிட்செல் அருவியை எடுத்துவிட்டு, மானிங்கில் இரண்டு இரவும் பெல்லில் இரண்டு இரவும் என்று மாற்றிவிட்டோம். பெருக்கமரத்தின் உறவான போஅப் மரத்தைப் பற்றிப் படித்துக் காட்டியதும், முதலில் அந்த மரத்தடியில்தான் வண்டியை நிறுத்த வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். வாடகை ஒப்பந்தத்தின் நகலை அனுப்பக் கேட்டிருக்கிறேன்; ஆற்றைப் பற்றிய பகுதி வந்ததும் இங்கே எழுதுகிறேன்.