திருகோணமலைக்குப் பிள்ளையளோட போறம், தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ

அண்ணாமார் அக்காமார், ஆகஸ்ட் லீவுக்குக் கிளிநொச்சியில இருந்து வான் பிடிச்சுத் திருகோணமலை போகப் போறம், வவுனியா ஹொரவப்பொத்தானைப் பக்கத்தாலதான், சின்னனுகளோட முழங்கால் நோவுக்கார மாமியும் வாறா. கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால வானை மேல மட்டும் விடுவினமோ, இல்லாட்டி நடக்கவேணுமோ? கோட்டைக்குள்ள மான் நிக்குமெண்டு கேட்டதில இருந்து சின்னவள் கரட் வாங்கச் சொல்லி ஒரே ஆய்க்கினை.

கன்னியாவில 7 சுடுதண்ணிக் கிணறும் வேற வேற சூடு எல்லே, வாளியால அள்ளி ஊத்துறதெண்டா எந்த நேரம் சனம் குறைவு?

நிலாவெளிக் கடல் இந்த மாசம் அடங்கிக் கிடக்கும், அது பயமில்லை. புறாத்தீவுக்குப் படகில போறதுதான் யோசினை. பிள்ளையளின்ர அளவில லைஃப் ஜாக்கெட் குடுப்பினமோ? இவர் போவம் போவம் எண்டு நிக்கிறார், முருகைக்கல்லில வெறுங்காலோட இறங்கினா கிழிக்குமெண்டு ஆர் அவருக்குச் சொல்லுறது.

ரூம் நிலாவெளியில எடுக்கிறதோ டவுனுக்க எடுக்கிறதோ? ஏசி வேண்டாம், ஒரு காஸ் அடுப்பும் நல்ல தண்ணியும் இருந்தாக் காணும், மாமி கடைச்சாப்பாடு தொடமாட்டா. கிட்டடியில போய்வந்த ஆக்கள் வாடகையும் எவ்வளவெண்டு சொல்லுங்கோ.