புதுப்பிப்பு: அக்காவின் மாத்திரையும் லண்டன் போத்தலும்

போன மாதம் இங்கே ஒரு கேள்வி போட்டிருந்தேன். மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் எடுக்கும் அக்காவுக்கு லண்டன் மாமா செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் மூலிகை மாத்திரை அனுப்பியிருக்கிறார், சேர்த்து எடுக்கலாமா என்று.

உங்கள் பதில்களைப் பார்ப்பதற்குள் அக்கா நாலு நாள் விழுங்கிவிட்டார். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் வியர்வை. ஹட்டன் குளிரில் வியர்த்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்! அம்மா மட்டும் கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்.

போத்தலையும் கையோடு கொண்டு கிளினிக் போனோம். டாக்டர் பார்த்ததும், "இதை இன்றோடு விடுங்கள், செர்ட்ரலினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்" என்றார். இரண்டுமே மூளையில் செரோட்டோனின் என்ற இரசாயனத்தைக் கூட்டுபவையாம். அது அளவு மீறினால் காய்ச்சல், தசை விறைப்பு, வலிப்பு வரைக்கும் போகலாம். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் வேலையையும் இந்த மூலிகை குறைத்துவிடும். விட்ட பிறகும் அந்தத் தாக்கம் அடங்க இரண்டு வாரம் வரை ஆகலாம். போத்தலில் இதெல்லாம் எறும்பு எழுத்தில் இருந்தது, யார் வாசித்தார்கள்?

பதில்களில் சிலர் அதற்குப் பதிலாக அமுக்கரா (அஸ்வகந்தா) மூலிகையைச் சொல்லியிருந்தீர்கள். அக்கா தைரொய்ட் குறைவுக்கு தைரொக்சின் மாத்திரையும் எடுக்கிறார். அமுக்கரா தைரொய்ட் அளவைக் கூட்டக்கூடும் என்பதால் அதுவும் வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். வல்லாரைச் சம்பல் சோற்றோடு தாராளமாகச் சாப்பிடலாம், மருந்துக்குப் பதிலாக இல்லை.

இப்போது நடுக்கம் போய்விட்டது. அக்கா மறுபடி கொழுந்தெடுக்கப் போகிறார். மாமாவுக்கு விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. அடுத்த பார்சலில் சொக்லேட் அனுப்புகிறாராம்.