கியர் இறுக்கம்: கியர் பாக்ஸை இறக்கும் முன் பார்த்தவை

தொடக்கப் பதிவு

பத்து வயதைக் கடந்த எங்கள் டீசல் காரில், சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு முதல் கியரும் ரிவர்ஸும் எளிதில் விழவில்லை. சிக்னலில் நின்று புறப்படும்போது லீவரை முழு பலத்தோடு தள்ள வேண்டியிருந்தது. ரிவர்ஸ் போட்டால் பற்கள் உரசும் சத்தம் கேட்டது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பாக்ஸை இறக்கி சிங்க்ரோ ரிங்குகளை (கியர் விழும் முன் சுழற்சி வேகத்தைச் சமன்படுத்தும் வளையங்களை) மாற்ற வேண்டும் என்றார்கள்.

செலவு பெரிது என்பதால், லாரி வேலையில் பழுத்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் தடையின்றி விழுந்தன. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பழைய இறுக்கம் திரும்பியது. "லீவரிலோ கேபிளிலோ தடை இருந்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் இறுகும். சிங்க்ரோ தேய்ந்திருந்தால் ஓடுகிற வண்டியில்தான் அதிகம் தெரியும். நிற்கிற வண்டியில் இப்படி என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை, தம்பி" என்றார்.

பெடலை முழுக்க மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலோடு சற்றே உரசிக்கொண்டிருந்தால், கியர் பாக்ஸின் உள்தண்டு நிற்காமல் சுழலும். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ இல்லாததால் அந்தச் சுழற்சி அங்கேதான் முதலில் சத்தமாக வெளிப்படும். பெடலை மிதித்தபடி சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போட்டும் சத்தம் நிற்கவில்லை. ஆனால் பெடலை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டுப் போட்டபோது சத்தமின்றி விழுந்தது. பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியே கிளட்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் அமைப்பில் காற்று புகுந்திருக்கிறது அல்லது ஆயில் கசிகிறது என்பதற்கு அது நல்ல அடையாளமாம். கீழே பார்த்தபோது, அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை ஈரமாக இருந்தது. இந்தக் காரில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. அதில் மட்டம் இறங்கியதை சர்வீஸில் யாரோ நிரப்பிவிட்டார்களே தவிர, ஏன் இறங்கியது என்று கேட்கவில்லை. சிலிண்டரை மாற்றி, ஏர் எடுத்ததோடு வேலை முடிந்தது. கியர் பாக்ஸ் இறக்கப்படவே இல்லை.

முதல் மறுமொழி

என்னுடைய சிறிய பெட்ரோல் காரில் இன்ஜின் அணைந்திருந்தாலும் லீவர் இறுகியே இருந்தது. கியர் பாக்ஸ் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு அது மாட்டியிருந்த சிறு நெம்புகோலை நேரடியாக அசைத்தபோது இலகுவாக நகர்ந்தது. எனவே குறை கேபிளில்தான். மேலுறை கிழிந்து, நீர் புகுந்து, உள்ளே துருப்பிடித்திருந்தது.

இரண்டாம் மறுமொழி

ஐயா, என் அனுபவம் நேர்மாறானது. கிளட்சில் குறை இல்லை. ஓட்டத்தில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும், அதுவும் காலையில் வண்டி சூடாகும் வரை, லீவர் தடுத்தது. கியர் ஆயில் மாற்றிய பிறகே இது தொடங்கியதால் விசாரித்தேன். ஜிஎல்-4 என்ற தர ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றியிருந்தார்கள். கனத்த பல்சக்கரங்களைக் காக்க அதில் கூடுதலாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உராய்வு குறைந்தாலும் ரிங் பிடிக்காது. சரியான ஆயிலை மாற்றியதும் பாதி குணமானது.

மீதிக்கு, நியூட்ரலில் பெடலை விட்டு, சற்றே ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்து இரண்டாவதைப் போட்டுப் பார்த்தேன். பழைய லாரி ஓட்டுநர்களின் இந்த இரட்டைக் கிளட்ச் முறையில் கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. வேகத்தைச் சமன்படுத்தும் வேலையை நானே செய்தால் விழுகிறது என்றால், அதைச் செய்ய வேண்டிய ரிங் தேய்ந்திருக்கிறது என்றுதானே பொருள்? பிரித்தபோது இரண்டாம் கியரின் ரிங் அப்படித்தான் இருந்தது. என் வண்டியில் மட்டும் கியர் பாக்ஸை இறக்காமல் தீர்வில்லை.

மூன்றாம் மறுமொழி

இவற்றுக்கெல்லாம் முன் பெடலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். எங்கள் வாடகைக் காரில் காலடியில் விரிக்கும் பழைய ஃப்ளோர் மேட்டின் மேல் புதிய தடித்த மேட்டைப் போட்டிருந்ததால் பெடல் அடிவரை இறங்காமல் நின்றது. மேலிருந்த மேட்டை எடுத்ததும் ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது.