“என் தோழிக்காகக் கேட்கிறேன், அக்கா”

20 ஆண்டுகளாகக் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பள்ளிகளில் வளரிளம் பெண்களிடம் பேசப் போகும்போது, பெயர் போடாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வேன். சென்ற ஆண்டு ஒரு சீட்டு நகத்தளவுக்கு மடிந்து கிடந்தது. “ஒரு தடவைதான் என்றாலும் கரு தங்குமா?” தங்கும் என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னேன். அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும் என்பதையும் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் ஒரு மாணவி வந்தாள். துப்பட்டா ஊக்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள். “என் தோழிக்காகக் கேட்கிறேன், அக்கா. அந்த மாத்திரைக்கு ஓ.பி. சீட்டில் பெயர் எழுத வேண்டுமா?” ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வா, நான் கூடவே இருக்கிறேன் என்றேன். “சீட்டு போடுகிற அண்ணனுக்கு அவள் அப்பாவைத் தெரியுமே.” போய்விட்டாள். தோழியும் வரவில்லை.

18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம். அது வேண்டாம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பயந்தே ஐந்தாம் மாதத்தில் வந்து நின்ற சிறுமியை இந்தக் கைகளால் பரிசோதித்திருக்கிறேன். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தச் சிறுமியின் தாய்க்கு இதை முதலில் சொன்னது நான்தான். அதுவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுமொழி, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்:

12-ஆம் வகுப்பு விலங்கியலில் கருத்தடை முறைகள் பாடமாகவே இருக்கின்றன. பல ஆண்டுகள் அந்தப் பக்கங்களை “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப் போனேன். அது தவறு. இப்போது வகுப்பிலேயே நடத்துகிறேன். “இது பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, சார்?” என்று ஒரு பையன் நிஜமாகவே கேட்டான். ஆணுறையை அணிவது யார் என்று கேட்டேன். பின் பெஞ்சுச் சிரிப்பு அடங்கியது. மாலையில் அவனே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். சுகாதார நிலையத்தில் அது இலவசமா, போய்க் கேட்டால் திட்டுவார்களா என்று தெரிய வேண்டுமாம்.

வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தகமே கிடையாது. அவர்களுக்காகவாவது அக்காவின் கேள்விப் பெட்டியை எங்கள் பள்ளியிலும் வைக்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.