பெருந்தொற்று உண்மையில் எதை மாற்றியது?

பழம்பேனா:
எங்கள் அலுவலக லிஃப்ட் வாசலில் ஒட்டிய மஞ்சள் வட்டங்களில் ஒன்றுதான் மிச்சம். 'இங்கே நிற்கவும்' என்பதில் பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. நேற்று அதன்மேல் மூன்று பேர் தோள் உரச நின்றோம். ஒருவர் விடாமல் இருமினார். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்றது, 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சமூகம் மாறவில்லை என்பது என் கட்சி.

காலைக்காகம்:
மாறவில்லையா? வாரத்தில் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில்தான் வேலை பார்க்கிறேன். 2019இல் கேட்டிருந்தால் மேலாளர் சிரித்திருப்பார். கிருமியின் மரபணு வரிசை வெளியாகி ஓராண்டு முடிவதற்குள் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். பழைய கதைக்கு வருகிறேன்: ஐரோப்பாவில் 1347இல் நுழைந்த பிளேக்குக்குப் பின், ஆள் கிடைக்காமல் கூலி ஏறியதே!

பழம்பேனா:
பிளேக்கை எடுத்தது நல்லதாயிற்று. ஏறிய கூலியைப் பழைய அளவுக்கே இழுத்துக் கட்ட இங்கிலாந்தில் 1351இல் சட்டம் போட்டார்கள். உங்களுக்கு மேசை வாய்த்தது. வீட்டு வாசலில் பொட்டலம் வைத்துவிட்டுப் போனவருக்கு என்ன வாய்த்தது? கைதட்டல்.

காலைக்காகம்:
போட்டார்கள். கூலி நின்றதா? காலப்போக்கில் ஏறத்தான் செய்தது.

நீலநிழல்:
இருவரும் கூலியிலேயே நிற்கிறீர்கள். பெரியம்மாவை நாங்கள் வழியனுப்பியது செல்பேசித் திரையில். படம் அறுந்து அறுந்து வந்தது. கடைசியாகத் தெரிந்தது யாரோ ஒருவரின் நீலக் கையுறை. அதன்பின் உறவில் எங்கே சாவு என்றாலும் அம்மா கிடைத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார். முன்பெல்லாம் முட்டிவலி என்று தட்டிக்கழிப்பவர்.

பழம்பேனா:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, நண்பரே. வீட்டுக்குள் மாறியதை நான் மறுக்கவில்லை. பொதுவில் நடப்பது வேறு. லண்டனைக் காலரா 1832 தொடங்கித் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டு போனது. பெரிய சாக்கடைத் திட்டத்துக்கு வழி பிறந்தது 1858 கோடையில், தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது! காற்றில் பரவும் நோய் என்று தெரிந்தும் எங்கள் அலுவலக ஜன்னல்கள் இன்னும் ஆணி அடித்தபடி இருக்கின்றன.

காலைக்காகம்:
நாற்றத்தால் வந்தாலும் சாக்கடை வந்துவிட்டதல்லவா? அதை ஏன் மாற்றக் கணக்கில் சேர்க்க மறுக்கிறீர்கள்? அது கிடக்கட்டும், ஜன்னலைத் திறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தீர்களா?

பழம்பேனா:
இரண்டு முறை. ஏசி வீணாகும் என்று பதில் வந்தது.